டப்பாவில் மிஞ்சிய கொட்டை

தம்பி,

நீ பிறந்த வருஷம் எது என்று உன் சர்ட்டிபிகேட்டில் நாலு எண்ணாக எழுதியிருக்கும். எனக்கு எண் வராது. நான் அதை வேறு விதமாக ஞாபகம் வைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் சங்கராபரணி பெருகித் தரைப்பாலத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், ஒன்றரை மாதம் ஊர் ஜனம் முழுக்க சுற்றிச் சுற்றிப் போய் வந்த வருஷம் அது. ராஜகிரி மலையில் சிறுத்தை இறங்கிவிட்டது என்று பத்து நாள் ஒருத்தரும் அந்தப் பக்கம் ஆடு ஓட்டாமல் இருந்து, கடைசியில் அது யாரோ வளர்த்து விட்டுவிட்ட பழுப்பு நாய் என்று தெரிந்து செஞ்சியே சிரித்த வருஷம். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குக் கலர் டிவி வந்து, காலி கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் மணிக்கணக்காக நின்ற வருஷம். அந்த மழை ஓய்ந்து, பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது நீ பிறந்தாய். நீ பிறந்த இருபதாம் நாள் தை அமாவாசை. இந்தக் கடிதம் அந்த ஒரு நாளைப் பற்றியது.

போன வாரம் போனில் நீ என்ன சொன்னாய் என்று உனக்கே ஞாபகம் இருக்கும். "நைனா, ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வரேன். மாமா வண்டியப் பிரிச்சு, போர் பண்ணி, புது பிஸ்டன் போட்டுடலாம். கல்யாணத்தன்னிக்குக் கோயில்லேர்ந்து அந்த வண்டியிலதான் நாங்க ரெண்டு பேரும் வரப்போறோம். அவளும் ஆசைப்படறா" என்றாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "டவர் இல்லப்பா" என்று போனை வைத்துவிட்டேன். டவர் நன்றாகத்தான் இருந்தது. நீ வந்து அந்த இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்னால் அதற்குள் என்ன இருக்கிறது என்பதை நான் சொல்லியாக வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கல்யாணத்துக்கு முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள். மாதா கோயிலில் பங்குச் சாமியார் எழுந்து நின்று, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லவும் என்று மூன்று ஞாயிறு கேட்பார். அந்தச் சொல்லைக் காதால் கேட்பதற்கு முன்னால் நான் இதைச் சொல்லி முடிக்க வேண்டும்.

நீ விடுதியில் படித்தபோது என் கடிதங்களை எழுதியது உன் அம்மா. நான் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சேர்த்து எழுதுவாள். அவள் போன பிறகு உனக்கு நான் கடிதமே போடவில்லை. இந்த எழுத்து நீ பார்க்காத எழுத்தாக இருக்கும். எழுதுகிறவர் யார் என்று முடிவில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் என் தைரியம் போய்விடும். மூன்று நாளாக பஸ் ஏறி அவர் வீட்டுக்கு வருகிறேன். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, "சொல்லுங்க, எழுதறேன்" என்கிறார். நான் பேசும் பேச்சை எழுத்துத் தமிழாக்கித் தருவது அவருடைய வேலை. விஷயத்தில் ஒரு சொல் கூடவோ குறையவோ கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் தாய்மாமன் அருளப்பனை நீ தடி ஊன்றி நடந்த ஆளாகத்தான் பார்த்திருக்கிறாய். நடக்காமல் ஓடியே பழகிய அருளப்பனை நீ பார்த்ததில்லை. உன் அம்மாவும் அவனும் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். உன் அம்மாவை நான் கட்டிய நாளிலிருந்து அவன் நம் வீட்டுப் பிள்ளை. அவனுக்கு வேலை சினிமாப் பெட்டி தூக்குவது. அந்தக் காலத்தில் ஒரு படத்துக்கு ஒரே பிரிண்டுதான் வரும். அதை செஞ்சி தியேட்டரும் மேல்மலையனூர் டூரிங் கொட்டகையும் பங்கு போட்டுக்கொண்டு ஓட்டுவார்கள். இங்கே பாதிப் படம் ஓடி முடிந்ததும் அந்த ரீல்களைப் பெட்டியில் போட்டு அவன் வண்டியில் கட்டிக்கொண்டு பறக்க வேண்டும். அங்கே டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கிறவனுக்குப் படம் தொடங்குவதே இவன் வந்து சேர்ந்த பிறகுதான். அதனால் மேல்மலையனூர்க் கொட்டகையில் ஹீரோவுக்கு முன்னால் இவனுக்கு விசில் பறக்கும். "எனக்கு அடிக்கிற விசிலுக்கு அப்புறம்தான் மாமா ஹீரோவுக்கே விசில்" என்பான்.

அதற்காக அவன் பாண்டிச்சேரியில் பழசாக வாங்கி வந்ததுதான் அந்த இரட்டை சிலிண்டர் வண்டி. நம் ஊரில் அப்போது அது ஒன்றுதான். மற்ற வண்டி எல்லாம் ஒரு ஆள் இருமுவது மாதிரி போகும். இது இரண்டு பேர் பேசிக்கொண்டே போவது மாதிரி போகும். வளத்தி ரோட்டில் அவன் திரும்பும்போதே எனக்கு ஷெட்டில் சத்தம் கேட்கும். நான் தனியாக மெக்கானிக் ஷெட் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. அதுவரை இன்னொருவரிடம் வேலை. கூரைக் கொட்டகை, தரையில் கோணி, ஒரு பெட்டி சாமான். அருளப்பனின் வண்டிதான் நான் சொந்த ஷெட்டில் முழுசாகப் பிரித்த முதல் இன்ஜின். புகை தள்ளியது, இழுவை இல்லை. இரண்டு சிலிண்டரும் தேய்ந்துபோயிருந்தன. திண்டிவனம் லேத்தில் கொடுத்து இரண்டையும் உள்ளே கடைந்து போர் பண்ணி, ஒரு அளவு பெரிய பிஸ்டன் வாங்கி வந்தேன்.

எழுத்து தெரியாதவன் எப்படி இன்ஜின் பிரித்தான் என்று நீ உன்னோடு படித்த பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாய், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். என் முறை உனக்குத் தெரிந்ததுதான். பக்கத்தில் ஒரு பால்பவுடர் டப்பா இருக்கும். வண்டியிலிருந்து ஒரு சாமான் கழற்றினால் டப்பாவில் ஒரு புளியங்கொட்டை போடுவேன். திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கொட்டை எடுத்துவிடுவேன். நட்டு, போல்ட்டு, வாஷர், ரிங் எல்லாவற்றுக்கும் கொட்டை உண்டு. வேலை முடிந்தால் டப்பா காலியாக இருக்க வேண்டும். காலியானதும் சிலிண்டருக்கு மூடியான ஹெட்டுக்கும் அதன் நட்டுக்கும் குறுக்கே சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பேன். என் கையெழுத்து அதுதான். வேறு யாராவது நட்டைத் திருகினால் கோடு விலகிவிடும். செஞ்சியில் என்னைப் 'புளியங்கொட்டை மெக்கானிக்' என்றே கூப்பிட்டார்கள். நான் கோபப்பட்டதில்லை. படித்தவன் தாளில் எழுதி வைப்பதை நான் கொட்டையில் வைத்தேன், அவ்வளவுதான்.

தை அமாவாசை அன்று காலையில் சிலிண்டர் மாட்ட உட்கார்ந்தேன். மேல்மலையனூரில் அம்மன் கோயிலுக்கு ஜனம் குவிந்திருக்கும், கொட்டகையில் மத்தியானம் விசேஷக் காட்சி. அருளப்பன் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தான். உன் அம்மா உன்னைத் தூளியில் போட்டுவிட்டு, சும்மா உட்காரத் தெரியாதவள், ஷெட்டின் நிழலில் புதுப் புளியைக் கொட்டிவைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் என் டப்பா.

"மாமா, இன்னா மாமா, பொண்ணுக்கு நகை போடற மாதிரி ஒவ்வொண்ணாப் போட்டுக்கிட்டு இருக்கிற? பெட்டி ரெடியா இருக்குது. அங்க ஜனம் கொட்டகையப் பிரிச்சுடும்."

"அவங்க கொட்டகையப் பிரிக்கட்டும். நான் மாட்டற வேலைய முடிக்கிறேன். கம்முனு உக்காருடா."

"அக்கா, உன் ஊட்டுக்காரர்கிட்ட சொல்லு. எனக்குக் கல்யாணம் ஆவறதுக்குள்ளயாவது முடிச்சுக் குடுப்பாரான்னு கேளு."

"உனக்கு ஒரு ஓலை வாசிச்சாச்சு, இன்னும் ரெண்டுதான் பாக்கி. அதுவரைக்கும் உசுரோட இருடா" என்றாள் உன் அம்மா. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிஸ்டனை ராடோடு சேர்ப்பது ஒரு பின். அந்தப் பின் நகராமல் இரண்டு பக்கமும் ஒரு லாக் மாட்ட வேண்டும். உடைந்த வளையல் துண்டு மாதிரி ஒரு சின்ன வளைந்த கம்பி. இரண்டு பிஸ்டனுக்கு நாலு லாக். விரலில் பிடித்து அழுத்தும்போது துள்ளி ஓடுவது அதன் குணம். அது இல்லையென்றால் வண்டி ஸ்டார்ட் ஆகும், நன்றாகவே ஓடும். ஓட ஓடப் பின் மெல்ல வெளியே நகர்ந்து சிலிண்டர் சுவரை உழத் தொடங்கும். பிறகு ஒரு நொடியில் எல்லாம் நின்றுவிடும். நின்றால் பின்சக்கரமும் சேர்ந்து நிற்கும்.

எல்லாம் மாட்டி முடித்து டப்பாவைப் பார்த்தேன். அடியில் ஒரு கொட்டை இருந்தது.

நான் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். என் கொட்டைகள் கிரீஸ் பட்டுக் கறுத்து மினுங்கும். இதுவும் கொஞ்சம் மினுங்கியது மாதிரி இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. உன் அம்மா பக்கத்தில் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறாள், அவள் கையிலிருந்து ஒன்று தெறித்து விழுந்திருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதைவிட, நினைக்க விரும்பினேன் என்பதே சரி. திரும்பவும் ஹெட்டைக் கழற்றி, இரண்டு சிலிண்டரையும் தூக்கிப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு மணி நேரம். அருளப்பன் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அந்தக் கொட்டையை உன் அம்மாவின் குவியலில் போட்டுவிட்டுச் சிவப்புக் கோட்டை இழுத்தேன்.

"புதுப் பிஸ்டன். அஞ்ஞூறு கிலோமீட்டருக்கு நாப்பதத் தாண்டாத" என்றேன். "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லிக்கொண்டே உதைத்தான். இரண்டு பேர் பேசுகிற சத்தம் வந்தது. அத்தனை சுத்தமாக அது என்றைக்கும் பேசியதில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது தம்பி.

வளத்தி தாண்டி இருபுறமும் மரம் நிற்கும் இடத்தில் பின்சக்கரம் நின்றது. மேல்மலையனூருக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஜனம் பார்த்திருக்கிறது. வண்டி படுத்து, அவனை இழுத்துக்கொண்டு போய் மரத்தில் மோதியது. பெட்டி உடைந்து பிலிம் முழுக்க ரோட்டிலும் வயலிலும் பாம்பு மாதிரி கிடந்தது. சிலர் அவனைத் தூக்கினார்கள், சிலர் பிலிமைச் சூரியனுக்கு நேரே பிடித்து யார் தெரிகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவன் இடுப்புக்குக் கீழே பார்க்க முடியவில்லை. நினைவு இருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னது இது: "நான்தான் மாமா. வண்டி அவ்ளோ நல்லா போச்சா, ஆசையில முறுக்கிட்டேன். அறுவது தொட்டுட்டேன். உன் பேச்சக் கேக்கல." அவன் அறுபது போனது நிஜமாக இருக்கலாம். ஆனால் எனக்கு அந்தக் கொட்டைதான் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லாமல் அவன் போர்வையைச் சரிசெய்தேன்.

உயிர் தப்பியது. வலது கால் நாலு விரல் அளவு குட்டையானது. அவனுக்குப் பேசி முடித்திருந்தது தொண்டூர்ப் பெண்ணை. டீச்சருக்குப் படித்துக்கொண்டிருந்தது. சாம்பல் புதனில் தவக்காலம் தொடங்கிவிடும், அதற்கு முன்னால் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று அவசரமாக ஓலை கொடுத்திருந்தார்கள். முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவது ஓலைக்கு முந்தின நாள் பெண்ணின் தகப்பனார் ஷெட்டுக்கு வந்தார். நல்ல உயரம், பயிர் வேலை செய்து காய்ந்த உடம்பு, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். டீ வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"மேஸ்திரி, ஒரே ஒரு வார்த்தை. கால் போனதுக்கு நான் பயப்படல. எங்க அண்ணனுக்கே ஒரு கால் கெடையாது, நாலு புள்ளையப் பெத்து ஆளாக்கினாரு. ஊர்ல ஆளுக்கு ஒண்ணு பேசறாங்க. வண்டியில கோளாறா, ஆளுகிட்ட கோளாறா? கட்டிக் குடுத்தவன் நீ. நீ சொன்னா சரி."

கோயிலில் சாமியார் கேட்டது தடை உண்டா என்று. இவர் என்னிடம் கேட்டது அதற்கு நேர் எதிர். தடை இல்லை, தப்பு என் கையில் நடந்திருக்கலாம் என்று நான் சொல்லியிருந்தால் அடுத்த நாள் இரண்டாவது ஓலை வாசித்திருப்பார்கள். எனக்கு அந்த நொடியில் தெரிந்ததெல்லாம் ஷெட்டும், தூளியில் நீ கிடந்ததும்தான். புளியங்கொட்டை மெக்கானிக் கொட்டையை விட்டுவிட்டான் என்று தெரிந்தால் ஒரு சைக்கிள்கூட என்னிடம் வராது.

"வண்டிய சுத்தமாத்தான் கட்டிக் குடுத்தேன்" என்றேன்.

"அப்ப ஆளுதான்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் டீயைக் குடிக்காமலே கிளாசைக் கீழே வைத்தார். "கை அடங்காதவன் கையில பொண்ணக் குடுக்க மாட்டேன் மேஸ்திரி. ஓலைய நிறுத்திக்கலாம்."

அந்த ஞாயிறு பூசையில் வேறு இரண்டு பேருக்கு ஓலை வாசித்தார்கள். போன வாரம் வாசித்த பெயர் இந்த வாரம் வராததைக் கோயிலே கவனித்தது. உன் அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு உன்னை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். அருளப்பன் ஆஸ்பத்திரியில் இருந்தான். நான்தான் போய்ச் சொன்னேன். "அவர் சொல்றது நியாயம்தான் மாமா" என்றான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இந்த இடத்தில் எழுதுகிறவர் பேனாவை மூடிவிட்டார். "நாளைக்கு வாங்க" என்றார். பஸ் ஸ்டாப்வரை வந்து வழியனுப்புகிறவர், நேற்று எழுந்திருக்கவில்லை. இன்று வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நாற்காலி போட்டிருந்தது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். "சொல்லுங்க. ஒண்ணும் விட்டுடாதீங்க" என்றார். சொல்கிறேன்.

அன்று உட்கார்ந்து வேலை செய்த கோணியை நான் உதறிப் பார்க்கவில்லை. உதறினால் அதிலிருந்து ஒரு லாக் விழுமோ என்று பயம். சுருட்டிக் கொண்டுபோய் ஏரிக்கரையில் எரித்தேன். வண்டியைக் கட்டை வண்டியில் ஏற்றி வந்து போட்டார்கள். பிரித்துப் பார்க்கலாமா என்று நாலு பேர் கேட்டார்கள். "ரத்தம் பார்த்த வண்டிய ஷெட்டுல பிரிக்கக் கூடாது" என்றேன். எலுமிச்சம்பழம் வைக்கிறவனைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தவன் நான். அன்றைக்கு அந்த நம்பிக்கை எனக்கு உதவியது. பின்பக்கம் ஓரமாக நிறுத்திக் கோணிகளால் மூடினேன். அது அங்கேயே நின்றது.

தியேட்டர்காரர் நல்லவர். அருளப்பனை டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் உட்கார வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் நம் வீட்டுக்கு வருவான். உனக்கு நடக்கத் தெரிந்ததும் அவன் செய்த முதல் வேலை, கோணியை விலக்கிவிட்டு உன்னை அந்த வண்டியின் டாங்க் மேல் உட்கார வைத்ததுதான். நீ ஹேண்டிலைப் பிடித்துக்கொள்வாய். அவன் பக்கத்தில் தடியை ஊன்றிக்கொண்டு வாயாலேயே இரண்டு சிலிண்டர் சத்தம் போடுவான். "போ, போ, வளத்தி வந்துடுச்சு, ஹாரன் அடி" என்பான். நீ எச்சில் தெறிக்க ஹாரன் அடிப்பாய். உன் அம்மா கறிக்குழம்பு கரண்டியோடு வந்து நின்று பார்ப்பாள். தம்பி, அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் போல சந்தோஷமான நாட்கள் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்த சந்தோஷத்துக்குள்ளேயே ஒரு முள்ளும் இருந்தது. சாப்பிடும்போது குழம்பில் அவன் பல்லில் ஒரு புளியங்கொட்டை மாட்டினால், அதை எடுத்து என் தட்டின் ஓரத்தில் வைப்பான். "எண்ணிக்கோ மாமா" என்பான். எல்லோரும் சிரிப்பீர்கள். ஊரே என்னைக் கிண்டல் பண்ணுகிற விஷயம்தான். ஆனாலும் நான் அந்தக் கொட்டையைத் தட்டுக்கு அடியில் தள்ளிவிடுவேன். எத்தனை வருஷமாக இப்படிச் சொல்கிறான் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். எட்டு வயசில் கோயிலில் உனக்கு முதல்முறை அப்பம் கொடுத்த, அந்தப் புதுநன்மை வருஷத்துக்கு முன்னால் அவன் அப்படிச் சொன்னதே இல்லை.

பெரிய நோய் வந்து ஊர் முழுக்க முகத்தைக் கட்டிக்கொண்டு திரிந்த வருஷம் அருளப்பன் போனான். உன்னால் வர முடியவில்லை. கடைசியாக என்னிடம் பேசியபோது மூச்சு வாங்கிக்கொண்டே, "வண்டிய இரும்புக்குப் போட்டுடாத மாமா. ஒரு தடவ நீயே பிரிச்சுப் பாரு. வேற யாரும் வேணாம்" என்றான். நான் தலையாட்டினேன், ஆனால் பிரிக்கவில்லை. அதற்கு அடுத்த வருஷம் உன் அம்மாவும் போய்விட்டாள். அவளிடமும் நான் சொல்லவில்லை. தன் தம்பி வேகத்தால் வீணாய்ப் போனான் என்று நம்பிக்கொண்டே போனாள். இது எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய குறை.

நீ போன் பண்ணிய மறுநாள் காலையில் கோணியை விலக்கிவிட்டு உட்கார்ந்தேன். வயசான கை, ஸ்பேனர் நட்டில் உட்காரவே நேரமானது. முதலில் கண்ணில் பட்டது என் சிவப்புக் கோடு. நட்டில் இருந்த கோடும் ஹெட்டில் இருந்த கோடும் விலகி நின்றன. யாரோ முன்பே திருகியிருக்கிறார்கள். ஜாம் ஆகிக் கிடந்த சிலிண்டர் சம்மட்டி கேட்கும் என்று நினைத்தேன். இடது சிலிண்டர் ஒரு தட்டுக்கே எழுந்து வந்தது. உள்ளே துரு இல்லை. எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருந்தது. பிஸ்டனின் வெளிப்பக்கத்தில் லாக் உட்கார வேண்டிய பள்ளம் காலியாக இருந்தது. சிலிண்டர் சுவரில் அதற்கு நேராக, ஏர் உழுத சால் மாதிரி, மேலிருந்து கீழே ஆழமான ஒரு கோடு. எனக்குத் தெரிந்ததுதான். இத்தனை வருஷம் கண்ணால் பார்க்காமல் இருந்தேன், பார்த்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பார்த்ததுதான் எனக்குத் தெரியாதது. சிலிண்டர் உட்காரும் இடத்தில் ஒரு பேக்கிங் போடுவோம், கடையில் விற்கிற கறுப்பு அட்டை. நான் அன்று போட்டது அதுதான். இப்போது அங்கே இருந்தது வேறு அட்டை. கத்திரிக்கோலால் கோணல்மாணலாக வெட்டியது. எண்ணெயைத் துடைத்துப் பார்த்தேன். நீலம், மஞ்சள், நடுவில் பாதி மீசை. தியேட்டர் வாசலில் மாட்டுகிற சினிமா அட்டை தம்பி. செஞ்சியில் அந்த அட்டை எடுத்துப் பேக்கிங் வெட்டக்கூடிய ஆள் ஒருத்தன்தான். உன் புதுநன்மைக்கு நேர்ந்துகொண்டு நாம் மூன்று பேரும் வேளாங்கண்ணி போய் நாலு நாள் இருந்தோமே, அப்போது ஷெட் சாவி அருளப்பனிடம் இருந்தது. அந்த நாலு நாளில் ஒற்றைக் காலில் நின்று அவன் அதைப் பிரித்திருக்கிறான். காலிப் பள்ளத்தைப் பார்த்திருக்கிறான். துடைத்து, எண்ணெய் விட்டு, பழைய பேக்கிங் கிழிந்துபோனதால் அட்டை வெட்டிப் போட்டு, மூடி வைத்திருக்கிறான்.

அவன் நினைத்திருந்தால் அன்றைக்கே தொண்டூருக்கு பஸ் ஏறியிருக்கலாம். 'தப்பு என் கையில் இல்லை, என் மாமா கையில்' என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு அப்போதும் கல்யாணம் ஆகவில்லை. சொன்னால் ஷெட் போய்விடும், அக்கா வீட்டு அடுப்பு அணைந்துவிடும், நீ படிக்க மாட்டாய் என்று நினைத்தானோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை வந்தான். உன்னை டாங்க் மேல் உட்கார வைத்தான். என் தட்டில் கொட்டையை வைத்தான். நான் சொல்வேனா என்று பார்த்திருக்கிறான் தம்பி. வாராவாரம் கேட்டிருக்கிறான். நான் ஒரு தடவையும் சொல்லவில்லை.

உனக்கு நான் சொல்ல வேண்டிய புத்தி இதற்குள்ளேயே இருக்கிறது, தனியாக எழுத வைக்க மாட்டேன். வீட்டில் ஒன்று மிஞ்சினால், அது யாருடைய குவியலிலிருந்து வந்தது என்று தேடாதே. திரும்பப் பிரித்துப் பார். ஒரு மணி நேரம்தான் ஆகும். நான் அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம் பிடித்தேன். உன் பெண்டாட்டி கோளாறு எங்கே என்று கேட்டால் இடத்தைக் காட்டு. 'சுத்தமாத்தான் கட்டினேன்' என்று மட்டும் சொல்லிவிடாதே. நீ வரும்போது இரண்டு சிலிண்டரும் கோணி மேல் இருக்கும். திரும்ப போர் பண்ணினால் அந்தச் சால் மறையாது, அவ்வளவு ஆழம். இடதுக்கு வேறு சிலிண்டர் தேடு, கிடைக்கும். நாலு லாக்கையும் நீயே மாட்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அந்த அட்டைப் பேக்கிங்கை உனக்குக் காட்டலாம் என்று சட்டைப் பையில் வைத்திருந்தேன். மேலே உள்ளதை எழுதி முடித்ததும் எழுதுகிறவர், "அந்த அட்டை எங்க?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெட்டவே தெரியல அவருக்கு. ஓரமெல்லாம் பல்லு பல்லா இருக்குது" என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அதைத் தன் நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். திருப்பிக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அதையும் நான் கேட்கவில்லை.

பத்திரிகை அடித்து வந்ததும் முதல் பத்திரிகையை இந்த வீட்டு வாசலுக்குக் கொண்டுவா. கல்யாணத்தன்று கோயிலிலிருந்து நேராக வீட்டுக்குப் போகாதே. அந்த வண்டியில் உன் பெண்டாட்டியை உட்கார வைத்துக்கொண்டு, நாற்பதுக்கு மேல் போகாமல், தொண்டூர் வந்து திரும்பு. அந்தச் சத்தத்தை இங்கே ஒருவர் கேட்க வேண்டும்.

அருளப்பன் இல்லை. உன் அம்மா இல்லை. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன பெரியவர் இல்லை. ஓலை வாசித்த சாமியார் இல்லை. என்னைச் சேர்க்காதே, நான் செய்தவன். என்னால் கெட்டவர்களில் இன்று உயிரோடு இருப்பவர் ஒருவர்தான். என் வாயிலிருந்து விழுந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் இந்தத் தாளில் எழுதிக்கொண்டிருப்பவர். உங்கள் பெயரை நீங்களே எழுதிவிடுங்கள் என்றேன். "இல்ல, நீங்க சொல்லுங்க, எழுதறேன்" என்கிறார்.

சொல்கிறேன். சகாயமேரி.